மணவாளக்குறிச்சிக் கருமணலும் நிலவின் அமைதிக் கடலும்

நிலவுப் பாறைகளின் கனிமங்களை ஆராயும் எனக்குக் களப்பயணம் என்றால் பெரும்பாலும் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிதான். நிலவின் மேட்டு நிலங்களை ஒத்த அனார்த்தோசைட் பாறை அங்கே இருப்பதால், சந்திரயான்-2 சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ அதைப் பொடித்தே உருவாக்கியது. ஆனால், நிலவின் கரிய சமவெளிகளைப் புரிந்துகொள்ள நான் பிறந்த கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்குத்தான் வர வேண்டும் என்பதை இந்த ஆவணியில் மணவாளக்குறிச்சியில் நின்றபோது உணர்ந்தேன்.

பருவக்காற்றின் சீற்றம் தணிந்திருந்த கரையில் கருமணல் வரிவரியாகப் படிந்திருந்தது. வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த பாட்டா ஒருவரிடம் சிரட்டை ஒன்றை வாங்கி, ஒரு கைப்பிடி மணலும் கொஞ்சம் கடல்நீரும் சேர்த்து மெல்லச் சுழற்றினேன். வெண்ணிறக் குவார்ட்ஸ் முதலில் வழிந்தோடியது. பிறகு இளஞ்சிவப்பாகக் கார்னெட் ஒதுங்கியது. அடியில் மை போல இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியக் கனிமம் தங்கியது. குவார்ட்ஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம், இல்மனைட்டினுடையது ஏறத்தாழ 4.7 கிராம். சிரட்டைக்குள் நான் செய்ததைத்தான் அலைகள் இந்தக் கரையில் ஓயாமல் செய்கின்றன.

சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா நிலப்பரப்பு ஒன்றுசேர்ந்த காலத்தில், ஆழத்தில் வெந்து உருமாறியவை இம்மாவட்டத்தின் சார்னோக்கைட், கோண்டலைட் பாறைகள். மழையில் அவை சிதைய, ஆறுகள் மணலைக் கடலில் சேர்க்க, கடல் அதைத் தரம் பிரிக்கிறது. 1909-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பர்க் இம்மணலில் தோரியம் கொண்ட கதிரியக்கக் கனிமமான மோனசைட்டைக் கண்டறிந்தார்.

“நிலாவுலயும் இந்த மண்ணு உண்டா மக்களே?” என்று பாட்டா கேட்டார்.

“உண்டு பாட்டா” என்றேன். 1969-இல் அப்பல்லோ 11 அமைதிக் கடலிலிருந்து கொண்டுவந்த பசால்ட் பாறைகளில் இல்மனைட் மிகுதி. பெயரில் மட்டுமே கடலான அந்த எரிமலைக் குழம்புச் சமவெளியில் ஆறும் இல்லை, அலையும் இல்லை. விண்கற்கள் மோதிப் பாறையைத் தூளாக்கினாலும், அதைக் கழுவிப் பிரிக்க நீர் கிடையாது. இங்குள்ள இல்மனைட்டில் இரும்பின் ஒரு பகுதி ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. அங்கே அதற்கும் ஏறக்குறைய இடமில்லை. ஒரே கனிமத்தில் இரண்டு உலகங்களின் வரலாறு இருப்பது, இத்தனை ஆண்டுகள் படித்த பிறகும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

மோனசைட் கலந்த மணலை அனுமதியின்றி அள்ளிவரக் கூடாது என்பதால், சிரட்டையில் இருந்ததைக் கரையிலேயே கொட்டினேன். பாட்டா அதைக் கையில் அள்ளி, வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.