தம்பிக்குத் திமிர் இல்லை, செம்பு

தம்பி ஹட்டன் டவுனில் ஒரு சில்லறைக் கடையில் வேலை செய்தான். முதலாளி ஒருநாள் சீனி மூட்டையை உள்ளறைக்கு மாற்றிவிட்டு இவனிடமும் சொல்லியிருக்கிறார். ஆனால் யார் சீனி கேட்டாலும் இவன் பழைய மூலைக்கே போய் நிற்பானாம், "அங்க இல்லடா" என்றால் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளுக்கும் அதே மூலை. திமிர் என்று நிறுத்திவிட்டார்கள். நாங்கள் இருக்கும் தோட்டத்து லய வீடுகளிலும் அதே பேச்சு, நானும் சேர்ந்துதான் திட்டினேன்.

கை நடுங்கத் தொடங்கிய பிறகே கண்டிக்குப் போனோம். கண் கிளினிக் டொக்டர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார், கருவிழி ஓரத்தில் பித்தளை நிறத்தில் ஒரு வளையம். வில்சன் நோய். ஈரல் செம்பைப் பித்தத்தோடு வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ள, மிச்சம் மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும், எங்கள் அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். அதைக் கேட்டதும் எனக்கும் பரிசோதனை எழுதினார் (எனக்கு ஒன்றுமில்லை).

செம்பின் அளவைப் பார்க்க 24 மணித்தியால சிறுநீரைச் சேர்ப்பதுதான் பெரிய பாடு. காலை முதல் சிறுநீரை விட்டுவிட்டு மறுநாள் காலை வரை எல்லாம் அவர்கள் தந்த கேனில். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர், "என்ன, கித்துள் பாணியா?"

அப்புறம் ஒரு தாள் தந்தார்கள், எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோட்டால் இணைக்க வேண்டும். இருந்தது சிங்கள எழுத்து. தமிழில் படித்த பிள்ளை என்று நான் சொன்னதும் மிஸ் பேனாவால் அ, ஆ, இ எழுதித் தந்தார். வெறும் எண்களை மெதுவாக, சரியாக இணைத்தவன், இதில் 1, அ, 2 என்று போய், பிறகு 3, 4, 5 என்றே இழுத்தான். "தெரியுது அக்கா, கை அந்தப் பக்கமே போகுது" என்றான். எனக்குச் சீனி மூட்டை ஞாபகம் வந்தது. பழைய வழியை விட்டுப் புதியதற்குத் தாவ மூளையின் ஆழத்துப் பகுதிகள் உதவ வேண்டும், செம்பு படிவதும் அங்கேதான் என்றார் டொக்டர்.

செம்பை வெளியேற்றும் பெனிசிலமின் குளிசையை வெறும் வயிற்றில் விழுங்கி ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணி. இவனோ எழும்பியதும் கோப்பையைத் தேடுகிறவன். ஒரு மாதம் சண்டை போட்டும் முடியாமல், கடைசியில் இரவே குளிசையை அவன் கோப்பைக்குள் போட்டு வைத்தேன். விழுங்கிவிட்டு ஃபெக்டரி சங்கு ஊதும் வரை காத்திருப்பான், அது சரியாக வந்தது. போன ஞாயிறு சங்கு ஊதவில்லை. ஒன்பது மணிக்கு நான் பார்க்கும்போது, வெறுங்கோப்பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தான்.