பம்பைக்காரர் எங்கே மூச்சு விடுகிறார்?

போன வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில், ஊர்வலத்துக்கு முன்னால் அடித்துக்கொண்டு போன பம்பை மேளத்தை ஒரு தம்பி போனில் பதிவு செய்து, எஃப்எல் ஸ்டுடியோ என்கிற இசை மென்பொருளில் போட்டு வெட்டி ஒட்டி, அடியில் ஒரு டெக்னோ கிக்கை, அதாவது கும் கும் என்று விழும் டிரம் அடியைக் கொடுத்து, நாலரை நிமிஷ டிராக்காகச் செய்து சவுண்ட்கிளவுட் என்கிற இசைத் தளத்தில் ஏற்றியிருந்தான். லிங்க் எனக்கும் வந்தது. "அண்ணா, கேட்டுட்டு உண்மையைச் சொல்லுங்க" என்று கூடவே ஒரு வரி. நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு, பதினான்கு குறைகளை வரிசையாக எழுதி அனுப்பினேன். மறுநாள் போய்ப் பார்த்தால் டிராக் அங்கே இல்லை. அவனே எடுத்துவிட்டான்.

அந்தப் பதினான்கும் இன்றைக்குப் படித்தாலும் சரிதான். பம்பைப் பதிவே உச்சியில் உடைந்திருக்கிறது, கிக்கும் பேஸும் (தாழ்ந்த ஒலி) 60 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, 300 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரே குழம்பல், ஹை-ஹாட் என்கிற சிம்பல் சத்தம் காதைக் குத்துகிறது, ரிவெர்ப், அதாவது எதிரொலி, அதிகம், இப்படி. ஆனால் பத்தொன்பது வயசுப் பையன் முதன்முதலாகத் தன் ஊர்ச் சத்தத்தை எடுத்து ஒன்று செய்து காட்டியிருக்கிறான், அதில் எது உயிரோடு இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. 2:10இல் கிக் நின்றுபோய் பம்பை மட்டும் தனியாக வரும் இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை எழுதாமல் விட்டதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்த இடம் அவனுக்கே தெரியாமல் அமைந்திருக்கலாம். யாரும் சொல்லாவிட்டால் அடுத்த தடவை சரிசெய்கிறேன் என்று அதையே வெட்டி எறிந்துவிடுவான்.

"சூப்பர் ப்ரோ", "வேற லெவல்", ஒரு தீ எமோஜி, இதைத்தான் நாம் பாராட்டு என்று வைத்திருக்கிறோம். போடுகிறவர்கள் அன்பாகத்தான் போடுகிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிவரை ஒரு ஃபில்டரைத் திருகிக்கொண்டிருந்தவனுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. என் முதல் டிராக்குக்கு வந்த பதில்களில் இன்றுவரை நினைவிருப்பது ஒன்றே ஒன்றுதான். முன்பின் தெரியாத ஒருவர் எழுதினார்: "1:12ல எல்லாம் காலியாயிட்ட மாதிரி இருந்துச்சு. போன் ஸ்பீக்கர்ல கேட்டேன்." அவ்வளவுதான். ஹெட்போனில் கேட்டால் அந்த இடத்தில் பேஸ் கும்மென்று இருக்கிறது, இவர் என்ன சொல்கிறார் என்று முதலில் கோபம்கூட வந்தது. அப்புறம் போனில் போட்டுப் பார்த்தேன். 1:12இல் பேஸை மாற்றி, மேலே மடங்குகள் எதுவும் இல்லாத வெறும் சைன் அலையாக 50 ஹெர்ட்ஸில் இறக்கியிருந்தேன். போனில் இருக்கிற அந்தச் சின்ன ஸ்பீக்கர் அத்தனை தாழ்ந்த ஒலியைத் தரவே தராது, அதனால் அவருக்கு அங்கே நிஜமாகவே எதுவும் இல்லை. பேஸுக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன், அதாவது வேண்டுமென்றே லேசான உடைசல், கொடுத்தேன், 100, 150, 200 என்று மேலே மடங்குகள் முளைத்தன, அவற்றை வைத்துக்கொண்டு காது அந்த 50ஐத் தானே கேட்டுக்கொள்கிறது. இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை. எந்த நொடி, எதில் கேட்டார், என்ன உணர்ந்தார் என்ற மூன்றை மட்டும் வைத்துவிட்டுப் போனார், மருந்தை நான் தேடிக்கொண்டேன். தேடும்போது கற்றதுதான் கையில் நிற்கிறது. "பேஸில் சாச்சுரேஷன் போடு" என்று மட்டும் சொல்லியிருந்தால் எல்லாப் பேஸிலும் போட்டிருப்பேன்.

சவுண்ட்கிளவுடில் அலைவடிவத்தின் மேலேயே அந்தந்த நொடியில் கருத்து எழுதலாம். எனக்குத் தெரிந்து அங்கே இருப்பதிலேயே நல்ல வசதி அதுதான், அதிலும் நாம் போய் எமோஜிதான் போடுகிறோம்.

இன்னொன்று. ஒரு டிராக்கை முதல்முறை கேட்பது என்பது நமக்கு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், செய்தவனுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. திரும்பத் திரும்ப ஓடும் தன் எட்டு பார் (தாளவட்டம்) லூப்பை அவன் முந்நூறு தடவை கேட்டிருப்பான், முள்ளும் பழகிப்போயிருக்கும். அதனால் இப்போதெல்லாம் முதல் தடவை கேட்கும்போது நான் எதையும் எழுதுவதில்லை, நிறுத்துவதுமில்லை. எங்கே போனை எடுத்துப் பார்க்கத் தோன்றியது, எங்கே தலை ஆடியது, எங்கே "சரி, அடுத்தது என்ன" என்று இருந்தது, இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்கிறேன். இரண்டாம் தடவைதான் நொடிக் கணக்கு. அவனுக்கு முதலில் வேண்டியது அந்த முதல் கேட்பின் சேதி. எந்த ஒலியைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்கிற ஈக்யூ பற்றிச் சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கிறது, "1:30க்கு மேல் என் கவனம் போய்விட்டது" என்று சொல்ல ஒரு ஆள்தான் வேண்டும்.

நமக்குப் பிடித்த வகை இசையைக் கொண்டுபோய் அடுத்தவன் டிராக்கை அளக்கிற பழக்கம் வேறு. நாம் எல்லோரும் சினிமாப் பாட்டில் வளர்ந்தவர்கள், பல்லவி, சரணம், இடையிசை என்று காது பழகிவிட்டது. டெக்னோவைக் கேட்டுவிட்டு "எப்போ பாட்டு ஆரம்பிக்கும்?", "குரல் போட்டா நல்லா இருக்கும்" என்று எழுதுவதை எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும், ஒரே நடை மணிக்கணக்காகப் போகும், யாரும் எழுந்துபோய் ஏன் திரும்பத் திரும்ப அடிக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. திரும்ப வருவதற்குள்ளே என்ன மாறுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். செய்தவன் 130 பிபிஎம்மில் (நிமிஷத்துக்கு 130 அடி) ஆடவைக்க நினைத்தானா, 80இல் தூங்கவைக்க நினைத்தானா, அது தெரியாமல் சொல்கிற எதுவும் நம்முடைய ரசனைதான், அவன் டிராக்கைப் பற்றியது ஆகாது. தெரியவில்லை என்றால் கேட்டுவிடலாம், ஒரு வரிதானே.

சரி, அந்தத் தம்பிக்கு வருகிறேன். இரண்டு மாதம் கழித்து நானே போன் பண்ணி, அப்படி எழுதியிருக்கக் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "ஃபைல் இருக்குது அண்ணா, அழிக்கல" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் எங்கள் வீட்டுக்கு லேப்டாப்போடு வந்தான்.

முதலில் தெரிந்தது ஃபேன் விஷயம். மே மாத வேலூர் 40 டிகிரியைத் தாண்டும், இவன் மொட்டைமாடி அறையில் ஃபேனை அஞ்சில் வைத்துக்கொண்டு சாதாரண இயர்போனில் மிக்ஸ் செய்திருக்கிறான். ஃபேன் இரைச்சல் மேலும் கீழும் பரந்து கிடக்கும், அதன் அடியில் ரிவெர்ப்பின் வால் முங்கிப்போகும், ஹை-ஹாட்டின் நுனியும் முங்கிப்போகும், போதவில்லை என்று இரண்டையும் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். அவன் காதில் ஒரு கோளாறும் இல்லை. நான் எழுதிய பதினான்கில் இரண்டுக்குக் காரணம் ஒரு சீலிங் ஃபேன், அதை ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். "ஃபேன் இல்லாம அந்த ரூம்ல உக்கார முடியாது அண்ணா" என்றான், நியாயம்தான். விடியற்காலை ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் ஃபேனை நிறுத்தி, ரிவெர்ப்பையும் ஹை-ஹாட்டையும் மட்டும் பார்த்துவிடு என்று முடிவானது.

பம்பைப் பதிவு உடைந்திருந்ததற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. பக்கத்தில் நின்று எடுத்ததில் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டுவிட்டது, அப்புறம் சத்தத்தைக் குறைத்தால் தட்டை தட்டையாகவே குறையும், போனது திரும்பாது. ஊர்வலமும் முடிந்துவிட்டது, மறுபடி எடுக்க அடுத்த வைகாசி வர வேண்டும். இதைத்தான் நான் என் பட்டியலில் முதலில் வைத்திருந்தேன். திருத்த முடியாத ஒன்றைத் தலையில் போட்டால் மீதியைப் படிக்க யாருக்குத் தெம்பு இருக்கும்? இப்போது கடைசியாக, அதுவும் அடுத்த பதிவுக்கான யோசனையாகச் சொன்னேன்: பத்தடி தள்ளி நில், லெவலைக் குறைத்து எடு.

கிக்கும் பேஸும் மோதுவதற்கு சைட்செயின் பற்றிப் பேசினோம், கிக் விழும்போது பேஸ் ஒரு கணம் தாழ்ந்து வழிவிட்டது, அது அரை மணி நேர வேலை.

இதற்கு நடுவில் எங்கள் பெரியப்பா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஆற்காடு பக்கத்துக் கூத்து ஜமாவில் முப்பது வருஷம் மத்தளம் அடித்தவர், இப்போது கை வராது. டிராக்கை முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்குது. ஆனா அடிக்கிறவன் எங்கடா மூச்சு உடறான்? நானும் பாத்துக்கினே இருக்கேன், நிக்கவே இல்லியே."

தம்பி அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் செய்தது என்னவென்றால், நன்றாக விழுந்த ஒரே ஒரு பாரை வெட்டி எடுத்து, ஒவ்வொரு அடியையும் கிரிட்டில், அதாவது சரிசமமான தாளக் கட்டங்களில், ஒட்டவைத்து, அதையே வரிசையாக நகல் எடுத்துப் போட்டிருக்கிறான். அசல் பதிவை அங்கேயே திறந்தோம். பம்பைக்காரர் திருப்பத்துக்கு முன்னால் ஒரு இழை தயங்குகிறார், சில இடத்தில் கை ஓய்ந்து அடி லேசாகிறது, ஒரு இடத்தில் தோளில் வாரைச் சரிசெய்கிறார் போலிருக்கிறது, இரண்டு அடி காணவே காணோம், அப்புறம் திரும்பி வரும்போது முன்னைவிட வேகமாக வருகிறார். இதையெல்லாம் தவறு என்று நினைத்து இவன் வெட்டிப் போட்டிருந்தான். நானும் பதினான்கு குறை கண்டுபிடித்தேன், இது என் காதில் விழவே இல்லை.

பெரியப்பாவுக்கு, இப்படி அடிகளைக் கிரிட்டில் ஒட்டவைக்கிற குவான்டைஸ் என்றால் என்னவென்று தெரியாது, அவர் அதை எடு என்றும் சொல்லவில்லை. தனக்குக் கேட்டதைக் கேட்டபடி சொன்னார். நான் அதற்குப் பிறகு யாருடைய டிராக்குக்கு எழுதினாலும் அந்த வாக்கியத்தைப் போல ஒன்றாவது வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். பெரும்பாலும் வருவதில்லை, வராத நாளில் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டாவது வடிவம் மூன்று வாரம் கழித்து வந்தது. முதலாவதைவிடச் சத்தமாக இருந்தது, சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதுபோலக் காதுக்குப் படும், அதனால் இரண்டையும் ஒரே அளவுக்குக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்டேன். அப்படியும் இதுதான் நன்றாக இருந்தது. இந்த முறை எப்படி இருக்கு என்று அவன் கேட்கவில்லை. "1:48ல கிக்க எடுத்துட்டேன், அந்த இடம் தொங்குதான்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். இப்படிக் கேட்டால் பதில் சொல்வது எவ்வளவு சுலபம்! எனக்குக் கொஞ்சம் தொங்குகிறது, நாலு பாரை இரண்டாக்கலாமோ என்று தோன்றுகிறது, 2:10 இன்னும் சிலிர்க்கிறது என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: "யோசிச்சேன் அண்ணா, நாலே இருக்கட்டும். அங்கதான் அவரு வாரைச் சரிபண்றாரு." திரும்பக் கேட்டேன். ஆமாம், அந்த இரண்டு அடி இல்லாத இடத்தை அங்கே வைத்திருக்கிறான்.

வரும் சிரசுக்கு நண்பன் ஒருவனிடம் ரெக்கார்டர் கேட்டு வைத்திருக்கிறான். பெரியப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார், எங்கே நின்று எடுக்க வேண்டும் என்று அவர் காட்டுவதாகப் பேச்சு.