சூடைக்காகப் பத்து கிலோமீட்டர்

சூடை எங்கள் நாய். அம்மா மணலில் காயப்போட்டிருந்த சூடை மீனைக் கவ்விக்கொண்டு ஓடிய குட்டிக்கு வேறென்ன பெயர் வைப்பது? செவலை நிறம், நாட்டு நாய், ஆறு வயது. போன மே மாதம் உண்ணிக் காய்ச்சலில் போய்விட்டான்.

காலையில் குந்துகால் கடற்கரையில் அவன் ஓடுவான், நான் பின்னால் நடப்பேன். அவன் போனபிறகு அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை. அக்டோபருக்குள் ஆறு கிலோ ஏறிவிட்டது. மச்சான்தான் ஆரம்பித்து வைத்தார்: "மெட்ராஸ்ல நல்ல காரியத்துக்குக் காசு சேர்க்க ஓடுறாங்க மச்சான். நாமளும் சூடை பேர்ல ஓடி, தெருநாய்களுக்கு உண்ணி மருந்து வாங்குவோம்." தெரிந்தவர்கள் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் தர வேண்டும். இடம், தனுஷ்கோடி ரோட்டில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து, ரோடு முடிகிற அரிச்சல்முனை வரை. நாள், ஜனவரி கடைசி ஞாயிறு. ஆள், எட்டுப் பேர். எனக்கு 43 வயது. பஸ்ஸுக்குக்கூட ஓடி வெகுநாள் ஆகியிருந்தது.

முதல் வாரம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. மூன்றாவது முறையிலேயே விலாவில் பிடித்துக்கொண்டது. ஓடிக்கொண்டே பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று பிறகு புரிந்தது. தினமும் ஓடக்கூடாது என்பதையும் லேட்டாகத்தான் கற்றேன்.

மூன்றாவது வாரம்: கடல் வற்றுகிற நேரம் பார்த்து ஈர மணலில் ஓடினேன். காலுக்கு மெத்தென்று இருந்தது. ஆனால் கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கிறதே! ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே விழுந்து, இடது முழங்கால் வீங்கியது. ஐந்து நாள் படுக்கை. அதன்பின் தார் ரோடுதான்.

ஐந்தாவது வாரம்: வழக்கமான அளவிலேயே ஷூ வாங்கினேன். பெருவிரல் நகம் கறுத்துப்போனது. ஓடும்போது பாதம் வீங்கும், முன்னால் அரை அங்குலமாவது இடம் வேண்டும் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கறுத்த நகத்தைப் பார்த்து என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

ஆறு முதல் எட்டு: மழை. எழுத ஒன்றுமில்லை.

ஒன்பதாவது வாரம் முதல்முறையாக நிற்காமல் ஐந்து கிலோமீட்டர். வந்ததும் அம்மா கொடுத்த நீராகாரத்தில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை காயாது, வழிந்துகொண்டே இருக்கும், உப்பும் கூடவே போகும். வெறும் தண்ணீர் குடித்த நாட்களில் வந்த தலைவலி, இதைக் குடித்த நாட்களில் வரவில்லை.

அன்று குளிக்கும்போதுதான் உடைந்து அழுதேன். சூடைக்குக் காது மடலில் உண்ணி இருந்ததை ஏப்ரலிலேயே பார்த்தேன். பிடுங்கிப் போட்டுவிட்டு அதோடு சரி என்று இருந்துவிட்டேன். நாய் உண்ணி நாயின் மேலா முட்டையிடுகிறது? கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் கட்டில் சட்டத்திலும் ஆயிரக்கணக்கில் இட்டுவிட்டுச் செத்துப்போகிறது. நாயைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது, வீட்டையும் பார்க்க வேண்டும். உண்ணி கொண்டுவரும் கிருமி, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்து மாத்திரை தொடங்கினால் பிழைக்க வாய்ப்பு அதிகம். நான் "வெயிலுக்குச் சோறு இறங்கலை போல" என்று நாலு நாள் தள்ளினேன். ஐந்தாம் நாள் மூக்கில் ரத்தம். டாக்டர் அவன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது.

பதினாலாவது வாரம் எட்டு கிலோமீட்டர் வரை வந்து நிறுத்திக்கொண்டேன். கடைசி வாரம் உடம்புக்கு ஓய்வு.

ஓட்ட நாள். காலை ஆறு மணிக்கு சத்திரத்தில் கிளம்பினோம். கிழக்கே போகப் போக இடது பக்கம் பாக் நீரிணை, அமைதியானது என்று நாங்கள் பெண் கடல் என்போம்; வலது பக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். பெயரை நம்பாதீர்கள், வாடைக் காலத்தில் கொந்தளித்து ஆடுவது பெண் கடல்தான். அன்றும் காற்று இடது முன்பக்கமிருந்து வந்து, மணலை ரோட்டில் நெளிய விட்டது. கணுக்காலில் ஊசி குத்துவது போல் இருந்தது. 1964 புயலில் இடிந்த சர்ச் சுவர் வரும்வரை மச்சானோடு பேசிக்கொண்டே ஓடினேன். அதைத் தாண்டியதும் பேச்சு நின்றது. ஏழாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. ஒரு கிலோமீட்டர் முழுக்க நடந்தேன். தண்ணீர்த் தேக்கத்தில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. எனக்கு இரண்டு காலிலும் நிற்க முடியவில்லை.

அரிச்சல்முனை வந்ததும் பார்த்தால் போன் ஒன்பதரை கிலோமீட்டர் என்றது! ரோடே அவ்வளவுதான் நீளம். பத்து என்று வாக்குக் கொடுத்தாயிற்றே. எட்டுப் பேரும் அசோகத் தூணைச் சுற்றிச் சுற்றி ஓடி மீதி அரை கிலோமீட்டரை முடித்தோம். டீ விற்கும் அக்கா, "என்னப்பா, வேண்டுதலா?" என்றார். 1 மணி 24 நிமிடம்.

வசூலுக்குப் போனபோது ஐஸ் கம்பெனி அண்ணன் 180 ரூபாய்தான் தந்தார். "ஒரு கிலோமீட்டர் நடந்தேன்னு நீதானப்பா சொன்ன?" நியாயம்தான். உண்மையை ஊரெல்லாம் சொல்லியிருக்கக் கூடாது. மற்றவர்கள் யாரும் குறைக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, கால்நடை டாக்டர் ஒருவர் வெறிநாய்த் தடுப்பூசியோடு வந்தார். பிடரியில் விடும் சொட்டு மருந்து எங்கள் காசில் வாங்கியது. ஒருமுறை விட்டால் ஏறக்குறைய ஒரு மாதம்தான் தாங்கும். அதனால் மார்ச்சுக்கும் ஒரு பெட்டி எடுத்து வைத்தோம். பிடிக்க கயிறு உதவவில்லை, பழைய வலைதான் உதவியது. 27 நாய்கள். மச்சானுக்குக் கையில் ஒரு கடி, பல் பதிந்துவிட்டது. சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் குழாயடியில் கழுவிவிட்டு, நேராக ஊசி போடப் போனார்.

கடைசியாக மாட்டியது பஸ் ஸ்டாப் கறுப்பு நாய். என் மகள் பயமில்லாமல் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"ரோஸாத்தான் இருக்குப்பா."