ஒரு வார்டில் எத்தனை குழந்தைகள்?

தட்டம்மைத் தடுப்பூசி முகாம் முடிந்ததும் மாவட்டங்களிலிருந்து அறிக்கைகள் வரத் தொடங்கும். இலக்கில் 118 சதவீதம் எட்டிவிட்டோம் என்று ஒரு மாவட்டம் சொல்லும். பக்கத்து மாவட்டம் 109 என்று சொல்லும். அப்புறம் சில மாதங்களில் அந்த 118 சதவீத மாவட்டத்திலேயே தட்டம்மை பரவும். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள், யாரோ பொய்க் கணக்கு எழுதுகிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அதுவும் சில இடங்களில் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஊசி போட்டவர் தன் தாளில் சரியாகத்தான் கோடு போட்டிருப்பார். பிசகு இருப்பது வகுக்கிற எண்ணில். அந்த மாவட்டத்தில் மொத்தம் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

குழந்தைகளுக்கான ஒரு நிவாரண அமைப்பில் டேட்டா சயின்ஸ், புவியியல் பகுப்பாய்வுக் குழுவை நான் நைஜீரியத் தலைநகர் அபுஜாவிலிருந்து நடத்துகிறேன். செயற்கை நுண்ணறிவு, செயற்கைக்கோள் என்று பெரிய பெரிய சொற்கள் எங்கள் திட்ட அறிக்கைகளில் வரும். அவற்றையெல்லாம் விலக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது இந்த ஒரே கேள்விதான்: இந்த வார்டில் ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பேர், அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

நைஜீரியாவில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2006-ல். அன்றைக்கு எண்ணிக்கை சுமார் 14 கோடி. 2023-ல் நடக்கவிருந்த கணக்கெடுப்பு தள்ளிப்போனது. இன்று நாட்டில் 22 கோடிக்கு மேல் என்கிறார்கள். நடுவில் கூடிய கோடிகள் வளர்ச்சி விகிதத்தால் பெருக்கி வந்தவை. வீட்டு வாசலில் நின்று எண்ணி வந்தவை அல்ல. காங்கோ ஜனநாயகக் குடியரசில் கடைசிக் கணக்கெடுப்பு 1984-ல். ஆப்கானிஸ்தானில் 1979-ல், அதுவும் முழுமையாக முடியவில்லை. குழந்தைகளுக்கு ஆபத்து மிகுந்த நாடுகள் பலவற்றில் கதை இதுதான்.

எல்லா ஊரையும் ஒரே விகிதத்தில் பெருக்குவது அமைதியான இடத்தில்கூட ஓரளவுதான் சரிவரும். நைஜீரியாவின் வடகிழக்கில் இருக்கும் போர்னோ மாநிலத்தில் அது கொஞ்சமும் பொருந்தாது. 2009-க்குப் பிறகு ஆயுதக் குழுக்களுக்குப் பயந்து அங்கே ஊர் ஊராக மக்கள் வீட்டை விட்டு மைதுகுரி நகரத்துக்கு ஓடிவந்தார்கள். பழைய எண்ணைப் பெருக்கினால், காலியாகிப்போன கிராமத்துக்கு ஆயிரம் குழந்தைகளைக் கணக்குக் காட்டும். நகரத்தின் ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிற குழந்தைகளைக் காட்டாது. மருந்தும் உணவும் அந்தக் கணக்குப்படிதான் லாரி ஏறும்.

என் அம்மா ராமநாதபுரம் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தார். எந்தத் தெருவில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் பெயரோடு இருக்கும். தலைப்பிரசவத்துக்காகப் பெண் தாய்வீடு போனால் அதுவும் ஒரு குறிப்பாக இருக்கும். அந்தப் பதிவேடு இருக்கிற ஊருக்கு என் குழு தேவையே இல்லை. அது இல்லாத இடத்தில், அப்படி ஒரு செவிலியர் வருகிறவரை, குழந்தைகள் விடுபட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் நாங்கள் செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த வேலையின் அருமை எனக்குப் புரிந்தது வட நைஜீரியாவின் போலியோ வரலாற்றைப் படித்தபோதுதான். வீடு வீடாகச் சொட்டு மருந்து கொடுக்கும் குழுக்களிடம் முன்பு கையால் வரைந்த வரைபடங்கள் இருந்தன. மசூதி, கிணறு, பெரிய மரம், அவற்றைச் சுற்றி வீடுகள். வரைந்தவருக்குத் தெரிந்த ஊர் அதில் இருக்கும். இரண்டு வார்டுகளின் எல்லையில் இருக்கிற குக்கிராமம் இருக்காது. இந்த வார்டுக்காரர் அது அந்த வார்டு என்பார், அந்த வார்டுக்காரர் இது இந்த வார்டு என்பார். ஃபுலானி மேய்ப்பர்களின் குடியிருப்பான ‘ருகா’ பெரும்பாலும் இரண்டிலுமே இருக்காது. செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு குடியிருப்பையும் குறித்து, உள்ளூர் ஆட்களைக் கொண்டு பெயர் சேகரித்துப் பட்டியலை ஒப்பிட்டபோது, திட்டத்தில் இடம்பெறாத ஊர்கள் ஏராளமாக வெளியே வந்தன. பிறகு குழுக்களின் பையில் ஜிபிஎஸ் ஓடும் போன் ஒன்றைப் போட்டார்கள். மாலையில் போன்கள் திரும்பி வரும். அன்று யாரும் கால் வைக்காத குடியிருப்புகள் எவை என்று அன்று இரவே தெரிந்துவிடும். முகாம் முடிவதற்குள் குழு திரும்பப் போகலாம்.

2015-ல் நைஜீரியாவைப் போலியோ நிலைகொண்ட நாடுகளின் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2016-ல் போர்னோவில் மறுபடி கண்டுபிடித்தார்கள். ஆயுதக் குழுக்களின் பிடியில் இருந்த, யாரும் நுழைய முடியாத ஊர்களுக்குள் வைரஸ் இத்தனை நாளும் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. உள்ளே எத்தனை குழந்தைகள் சிக்கியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்க வழியில்லை. மேலிருந்துதான் பார்த்தார்கள். கூரை எரிந்திருக்கிறதா, முற்றத்தில் புல் மண்டியிருக்கிறதா, நிலத்தில் விதைப்பு நடந்திருக்கிறதா, ஒற்றையடிப் பாதை இன்னும் வெளிறிய கோடாகத் தெரிகிறதா? பாதை தெரிந்தால் யாரோ நடக்கிறார்கள் என்று பொருள். இப்படி ஊர் ஊராகப் பார்த்து, சிக்கியிருக்கிற குழந்தைகளின் தோராய எண்ணிக்கையை எழுதினார்கள். சில பகுதிகளுக்குப் படையினரே மருந்தைச் சுமந்து போனார்கள். 2020 ஆகஸ்ட் 25 அன்று ஆப்பிரிக்கப் பிராந்தியம் இயற்கை போலியோ வைரஸிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. தடுப்பு மருந்திலிருந்து உருமாறிப் பரவும் வகை இன்னும் தொல்லை கொடுக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும், எண்ண முடியாத குழந்தைகளை எண்ணாமல் விட மாட்டோம் என்று சிலர் பிடிவாதமாக இருந்ததற்கு அந்தத் தேதி சாட்சி. என் குழுவில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்வது இந்த வரலாற்றைத்தான்.

இன்றைக்கு நாங்கள் செய்யும் விதம் அதன் தொடர்ச்சிதான். தேர்ந்தெடுத்த சிறு பகுதிகளில் ஆட்களை அனுப்பி வீடு வீடாக எண்ணுகிறோம். அந்த எண்ணிக்கைக்கும், படத்தில் தெரிகிற கட்டடங்களின் எண்ணிக்கை, பரப்பு, நெருக்கம் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கணினி மாடல் கற்றுக்கொள்கிறது. அதை வைத்து எண்ணாத பகுதிகளுக்கு மதிப்பிடுகிறது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ல்ட்பாப் குழு இந்த முறையை நன்றாக வளர்த்திருக்கிறது. கட்டடங்களுக்குக் கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸ் தொகுப்பு 2021 முதல் கைகொடுக்கிறது. அதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மண் நிறத்திலேயே இருக்கும் ஓலைக் குடிசை விட்டுப்போகும். தானியக் குதிர் வீடாக எண்ணப்படும். கூடாரம் படம் எடுத்த வாரத்தில் ஒரு இடம், நாம் போகிற வாரத்தில் வேறு இடம்.

இதில் மாடல் தருவது ஒற்றை எண் அல்ல, ஒரு வரம்பு. இந்த வார்டில் 2,100 முதல் 3,400 குழந்தைகள் வரை இருக்கலாம் என்று சொல்லும். சரக்குப் பிரிவு நண்பர்கள் ஒரே எண்ணைக் கேட்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். தட்டம்மை மருந்துக் குப்பி ஒன்றில் பொதுவாகப் 10 டோஸ். கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்குக் கொடுக்கும் நிலக்கடலைப் பசை ஒரு பெட்டிக்கு 150 பாக்கெட். ஏறக்குறைய ஒரு குழந்தையைத் தேற்ற ஒரு பெட்டி. அதிகமாக மதிப்பிட்டால் பெட்டி கிடங்கில் கிடக்கும். குறைவாக மதிப்பிட்டால், பல கிலோமீட்டர் நடந்து வந்த ஒரு தாய் வெறுங்கையோடு திரும்புவாள். இந்த இரண்டும் சமமான தவறுகள் அல்ல. அதனால் நடு எண்ணைத் தூக்கிக் கொடுக்காமல், எந்தப் பொருளுக்கு வரம்பின் எந்தப் பக்கம் சாய்வது என்று பொருள்வாரியாக உட்கார்ந்து முடிவெடுக்கிறோம். குழுவை நடத்துவதில் என் நேரத்தை அதிகம் தின்பது இந்தப் பேச்சுதான். அந்த நேரம் முழுக்க அதற்குத் தகும் என்று நம்புகிறேன்.

சுகாதார நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு வட்டம் போட்டு, உள்ளே இருக்கிறவர்களுக்கெல்லாம் வசதி கிடைக்கிறது என்று எழுதுகிற வழக்கத்தை நாங்கள் நிறுத்திவிட்டோம். அடமாவா மாநிலத்தில் பெனுவே ஆற்றின் அக்கரையில் இருக்கிற ஊரும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். மழைக்காலத்தில் அந்த ஐந்து கிலோமீட்டர் அரை நாள். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு நடக்கிறவளின் வேகம், மேடு, சேறு, படகுத்துறை எல்லாம் சேர்த்து நடை நேரமாகக் கணக்கிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆக்சஸ்மாட் மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது, இலவசம்தான்.

2024 செப்டம்பரில் அலாவ் அணை உடைந்து மைதுகுரிக்குள் வெள்ளம் புகுந்தது. லட்சக்கணக்கானவர்கள் இடம்பெயர்ந்தார்கள், அவர்களில் பலர் ஏற்கெனவே ஒருமுறை அகதியானவர்கள். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் படம் சென்டினல்-1 என்ற ஜோடிச் செயற்கைக்கோள்களிலிருந்து கிடைக்கும். ஆனால் அப்போது அந்த ஜோடியில் ஒன்று பழுதாகி, ஒன்றுதான் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரே இடத்தை ஒரே கோணத்தில் மறுபடி பார்க்க அதற்கு 12 நாள் ஆகும். வந்த படத்திலும் ஒரு சிக்கல் உண்டு. திறந்த வயலில் தேங்கிய தண்ணீர் ரேடாரில் கறுப்பாகத் தெளிவாகத் தெரியும். நெருக்கமான வீடுகளுக்கு நடுவே நிற்கும் தண்ணீர் அப்படித் தெரியாது. அலை தண்ணீரில் பட்டுச் சுவரில் பட்டு வெளிச்சமாகத் திரும்பும். ஊர் காய்ந்து கிடப்பதுபோல் படம் சொல்லும். அதனால் வரைபடத்தில் நகரப் பகுதியைக் கோடு போட்டு ‘இங்கே படத்தை நம்ப வேண்டாம்’ என்று எழுதினோம். அந்தப் பகுதிக்குள் இருக்கும் சுகாதார நிலையங்களையும் பள்ளிகளையும் ஒவ்வொன்றாகப் போனில் கூப்பிட்டுக் கேட்டோம். என் குழுவின் ஹவுசா பேசும் இளைஞர்கள்தான் அந்த வாரத்தில் எந்த அல்காரிதத்தையும்விட அதிக வேலை செய்தார்கள்.

முடிவில் எல்லாம் ஏ3 தாளில் அச்சாகி, கண்காணிப்பாளர் கையில் மடித்துக் கொடுக்கப்படுகிறது. அதைக் குடியிருப்புத் தலைவர் ‘மாய் உங்குவா’ முன்னால் விரிக்கிறார்கள். அவர் விரலை வைத்து, இந்த ஊர் இப்போது இல்லை, இங்கே புதிதாகப் பத்து வீடு வந்திருக்கிறது என்பார். அந்தத் திருத்தம் எங்களுக்குத் திரும்பி வர ஒரு வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு அழகான வரைபடமானாலும் அடுத்த ஆண்டு பொய்யாகிவிடும். அரசாங்கப் புள்ளியியல் அலுவலர்களை ஆரம்பத்திலிருந்தே கூட உட்கார வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். எண் அவர்களுடையது. நாங்கள் போன பிறகும் அதைக் காக்க வேண்டியவர்கள் அவர்கள்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பெற்றோரைப் பிரிந்த குழந்தைகள் தங்கியிருக்கும் இடம், சிறுவர் மையங்கள் இவற்றைப் புள்ளியாக எந்த வரைபடத்திலும் வெளியே விட மாட்டோம். நன்கொடையாளர் கேட்டாலும் சரி, பத்திரிகை கேட்டாலும் சரி, வார்டு அளவிலான தொகைதான். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் அதையும் மறைத்துவிடுவோம். உதவுகிறவர் பார்க்கிற வரைபடத்தைக் குழந்தைகளைக் கடத்துகிறவரும் ஆயுதக் குழுவும் பார்க்கலாம். பல நாடுகளில் வீடுகளுக்குப் போய் நடத்திய, டிஎச்எஸ் எனப்படும் மக்கள்தொகை, நல ஆய்வில் இதற்கு நல்ல முன்மாதிரி இருந்தது. ஆய்வு நடந்த இடத்தின் புள்ளியை நகரத்தில் இரண்டு கிலோமீட்டர் வரையும், கிராமத்தில் பெரும்பாலும் ஐந்து கிலோமீட்டர் வரையும் வேண்டுமென்றே நகர்த்தித்தான் வெளியிடுவார்கள்.

அந்த ஆய்வுக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்க நிதி 2025 பிப்ரவரியில் நின்றது. 1984-லிருந்து நடந்துவந்த வேலை. குழந்தைகளின் உயரம், எடை, தடுப்பூசி அட்டை என்று நாங்கள் மாடலைச் சரிபார்க்கும் உரைகல்லே அதுதான். படம் எவ்வளவு துல்லியமாக வந்தாலும், வாசலில் நின்று ஒரு தாயிடம் கேட்டு எழுதிய பதில் இல்லாமல் எங்கள் கணக்குக்கு அடித்தளம் கிடையாது. இதற்குச் செலவிடுவது வீண் என்று நினைக்கிறவர்கள் அந்த 118 சதவீத அறிக்கையை ஒருமுறை படிக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இந்த வேலைக்கு என்ன படிக்கலாம் என்று கல்லூரி மாணவர்கள் சிலர் எனக்கு எழுதுகிறார்கள். வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் இலவசம், இன்றைக்கே தொடங்கலாம். பைத்தான் நிரல்மொழியை எப்படியும் கற்றுக்கொள்வீர்கள். மாதிரிக் கணக்கெடுப்பு பற்றிய பாடத்தை, அது எவ்வளவு வறட்சியாக இருந்தாலும், தவிர்க்காதீர்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மனிதாபிமானக் குழு நடத்தும் டாஸ்கிங் மேனேஜர் தளத்தில் கணக்கு தொடங்கி ஒரு சதுரத்தை எடுத்து வீடுகளைக் குறித்துப் பாருங்கள். உங்கள் வேலையை இன்னொருவர் சரிபார்த்துக் கருத்துச் சொல்வார், அதைக் கவனமாகப் படியுங்கள். எந்தக் கூரை வீடு, எது குதிர் என்று சந்தேகமாக இருந்தால் படத்தோடு எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.