மாற்றிவிட ஆள் வேண்டும்

2020 மே மாதம், கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாகக் கொரோனா காவிரி டெல்டாவுக்குள் வந்துகொண்டிருந்த நாட்களில், இ-பாஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அணைக்கரைப் பாலத்தைக் கடந்தேன். கீற்றுப் பந்தல் போட்ட சோதனைச் சாவடியில், ஐம்பது வயதை எட்டியிருந்த ஏட்டு ஒருவர் வண்டி எண்களை நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சானிடைசர் காயாத விரல் பட்டு, எழுதிய மை கலைந்துகொண்டே இருந்தது. "ராத்திரி வந்தவன் தம்பி, மாத்திவிட ஆள் வரல" என்றார். அந்தச் சொல் இன்றுவரை என்னை விடவில்லை.

அந்த மாதத்தில்தான், 2019 தேர்வில் வெற்றி பெற்றிருந்த 8,500-க்கும் மேற்பட்ட இரண்டாம் நிலைக் காவலர்களை அரசு அவசரமாகப் பணிக்கு அழைத்தது. வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயிற்சி முழுமையடையாத பிள்ளைகளை நோய் பரவும் தெருவில் நிறுத்தும் நிலைக்கு வந்தது, காலியிடங்களை முன்பே நிரப்பாததால்தான். பற்றாக்குறையை ஈடுகட்ட 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' தன்னார்வலர்களையும் பயன்படுத்தினார்கள். சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த பிறகு, 2020 ஜூலையில் அந்த அமைப்புக்குத் தடை வந்தது. காவலரின் வேலையைத் தன்னார்வலரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்த தேர்வுக்கான அறிவிப்பு 2020 செப்டம்பரில் வந்தது. சிறைத்துறை, தீயணைப்புத் துறை இடங்களையும் சேர்த்து 10,906 பணியிடங்கள். என் அக்காள் மகன் டிசம்பர் 13 அன்று எழுத்துத் தேர்வு எழுதினான். 2021 ஏப்ரலில் நடக்கவிருந்த உடற்தகுதித் தேர்வு இரண்டாம் அலையால் தள்ளிப்போனது. மைதானங்கள் பூட்டிக் கிடந்ததால், திருவையாறு அருகே குடமுருட்டிக் கரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, விடியுமுன் 1,500 மீட்டர் ஓடினான். அதை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கயிறு ஏறிப் பழகுவதற்கு அவனுக்குக் கிடைத்தது ஒரு புளியமரக் கிளை. உள்ளங்கைக் கொப்புளம் ஆறுவதற்குள் மறுபடியும் ஏறுவான். ஜூலை 26 முதல்தான் உடற்தகுதித் தேர்வு தொடங்கியது. அவன் பயிற்சிப் பள்ளிக்குப் போனபோது 2022 பிறந்துவிட்டது. ஆள் அதிகம் தேவைப்பட்ட இரண்டு அலைகளும் அதற்குள் வந்து போய்விட்டன.

அடுத்த காவலர் தேர்வு அறிவிப்பும் 2022-இல்தான் வந்தது. இடையில் வயது கடந்தவர்களுக்காக உச்சவரம்பை அரசு 2 ஆண்டுகள் உயர்த்தியது மிகவும் நியாயமான முடிவு. ஆனாலும், அறிவிப்பிலிருந்து பணியில் சேர்வதற்கு இவ்வளவு காலம் பிடிக்கும் தேர்வு முறையை வைத்துக்கொண்டு, தொற்று வந்த பிறகு ஆள் தேடுவது பயன் தராது. காலியிடங்களை ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும்.

2021-இல் காவலர்களுக்கு வார விடுப்பு அளிக்க அரசாணை வந்தபோது, முதலில் அந்த ஏட்டைத்தான் நினைத்துக்கொண்டேன். ஏழு பேர் உள்ள நிலையத்தில் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒருநாள் விடுப்பு கொடுத்தால், எந்த நாளிலும் வேலைக்கு இருப்பவர்கள் ஆறு பேர்தான். ஏழாவது இடத்துக்கு ஓர் ஆளை நியமித்தால்தான் அந்த விடுப்பு அவர் கைக்கு வரும்.