வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறாரா?

2023 அக்டோபரில் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அனுமதி இல்லாமல் சுற்றுலாப் பயணிகளைத் தங்க வைக்கிறீர்கள், 15 நாளுக்குள் உரிய ஆவணங்களோடு நேரில் வரவும் என்று இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நாலு எட்டு நடந்து பக்கத்து பங்களாவுக்குப் போனார். கேட்டைத் தட்டினார், கூப்பிட்டுப் பார்த்தார், அப்புறம் அதே நோட்டீஸைக் கேட்டில் ஒட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். அங்கே வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

அன்றைக்கு எனக்கு வந்தது பயம்தான். ஆனால் யோசிக்க யோசிக்க, கொடைக்கானலில் நடக்கிற மொத்தப் பிரச்சினையும் அந்த இரண்டு கேட்டுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது என்று தோன்றியது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கதை. மாமனார் கட்டிய வீடு இது. அவர் போனபிறகு மேல்பக்கத்து இரண்டு அறைகள் சும்மா கிடந்தன, ஈரம் ஏறிச் சுவரெல்லாம் பூஞ்சை. 2017இல் சுண்ணாம்பு அடித்து, ஒரு ஹீட்டரும் நல்ல கம்பளிகளும் வாங்கிப் போட்டு, ஆன்லைனில் நாலு படத்தை ஏற்றினோம். எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை, போக வேண்டும் என்று தெரியவும் இல்லை. அடுத்த வருடம் 2018, குறிஞ்சி பூத்த வருடம். இனி 2030இல்தான் பூக்கும் என்பதால் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். இரண்டு அறையும் காலியாகவே இல்லை. பையனின் கல்லூரிக் கட்டணத்தை அந்தப் பணத்தில்தான் கட்டினோம்.

2019இல் ஊரே கலங்கியது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி, விதியை மீறிக் கட்டிய ஓட்டல்களுக்கும் காட்டேஜ்களுக்கும் சீல் வைக்க ஆரம்பித்தார்கள். எங்கே என்ன கட்டலாம் என்று 1993இல் போட்ட மாஸ்டர் பிளானை வைத்துக்கொண்டு ஊர் பாட்டுக்கு வளர்ந்திருந்தது, வீடு கட்ட அனுமதி வாங்கிய இடத்தில் லாட்ஜ் நின்றது, இரண்டு மாடிக்கு மேல் இன்னொன்று நின்றது. நீலகிரியில் இதைவிடப் பெரிதாக நடந்தது. சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த 27 ரிசார்ட்டுகளைப் பூட்டச் சொல்லி 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு யானையின் மேல் எரியும் துணியை வீசினார்கள், காது வெந்து அது செத்துப்போனது. தங்கும் விடுதி நடத்தியவர்களே அதைச் செய்தார்கள் என்று கைது நடந்தபோது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நம் தொழிலையும் சேர்த்துத்தானே ஊர் பேசும்.

ஆக, கெடுபிடி ஏன் வந்தது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. வரத்தான் வேண்டும். என் ஆதங்கம் அது எங்கே போய் விழுகிறது என்பதில்தான்.

பக்கத்து பங்களாவைப் பற்றிச் சொல்கிறேன். உரிமையாளர் வெளியூரில். அவரிடமிருந்து ஒருவர் மொத்தமாக வருடக் குத்தகைக்கு எடுத்து, நாள் வாடகைக்கு விடுகிறார். அவரும் இங்கே இல்லை. சாவி ஒரு பையனிடம் இருக்கும், அவனிடம் இதுபோல இன்னும் ஏழெட்டு வீட்டுச் சாவி இருக்கிறது. மூன்று படுக்கையறை வீட்டில் சனிக்கிழமை ராத்திரி இருபது பேர். பெட்டி வைத்துப் பாட்டு, இரண்டு மணி வரைக்கும். நாங்கள் போய்ச் சொன்னால், "நாங்க காசு குடுத்துத்தான் வந்திருக்கோம்" என்பார்கள். அந்தப் பையனுக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டான். சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்து பேருக்குக் கட்டிய செப்டிக் டேங்க் இருபது பேருக்கு எப்படித் தாங்கும்? இரண்டு சீசனாக நிரம்பி வழிந்து, ஓடைவழியாகக் கீழே ஒரு அண்ணனின் பீன்ஸ் தோட்டத்துக்குப் போனது. அவர் அந்தத் தண்ணீரைத்தான் பாய்ச்சுவார். கோடையில் எங்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம், அந்த பங்களாவுக்கு மட்டும் தினமும் லாரி வரும். அந்த லாரித் தண்ணீரும் இந்த மலையில் எங்கோ ஒரு ஊற்றிலிருந்துதான் வருகிறது.

எங்களுக்கும் அதே நோட்டீஸ், அவர்களுக்கும் அதே நோட்டீஸ்.

நான் நோட்டீஸை எடுத்துக்கொண்டு அலைந்தேன். ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று கேட்டார்கள், அங்கே போனால் முதல் இடத்தில் பதிவு எண் வாங்கி வரச் சொன்னார்கள். கட்டிட வரைபடம், சொத்து வரி ரசீது, தீயணைப்பு, சுகாதாரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க ஏழு மாதம் ஆனது. மாமனாரின் பழைய வரைபடம் கிடைத்ததே பெரிய விஷயம், பரணில் பிளம்ஸ் பெட்டிக்குள் சுருட்டி வைத்திருந்தார். பக்கத்து பங்களா அந்த ஏழு மாதமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நோட்டீஸ் மழையில் நனைந்து உதிர்ந்துவிட்டது.

அந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த நல்லது ஒன்று உண்டு, விதிகளைப் படித்தேன். ஹோம்ஸ்டே என்று பதிவு செய்ய மத்திய சுற்றுலா அமைச்சகம் வைத்திருக்கும் வழிமுறையில் அதிகபட்சம் 6 அறை, 12 படுக்கை. அதைவிட முக்கியமாக, வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாங்கள் இத்தனை வருடம் தெரியாமலே செய்துகொண்டிருந்தது அதைத்தான். இந்த ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகப் பார்த்தால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன். வீட்டுக்காரர் வீட்டில் இருந்தால் இரண்டு மணிக்குப் பாட்டுப் போட விட மாட்டார், அவர் தூங்க வேண்டும். செப்டிக் டேங்க் நிரம்ப விட மாட்டார், நாற்றம் அவருக்குத்தான் முதலில் வரும். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் அரசுக்கு ஏற்ற வேண்டும் என்றால் ஏற்றுவார், கேள்வி கேட்டு வரும் போலீஸ் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். நோட்டீஸ் கொடுக்க வந்தாலும் கையெழுத்துப் போட ஆள் இருக்கும்.

அப்புறம் இ-பாஸ், அதாவது வெளியூர் வண்டிகள் மலை ஏறும் முன் ஆன்லைனில் வாங்க வேண்டிய அனுமதி. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. அடுத்த வருடம் ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. அங்கே வியாபாரிகள் 2025 ஏப்ரல் 2 அன்று கடையடைப்பே நடத்தினார்கள். எங்கள் ஊரிலும் கோபம் இருந்தது, ஓட்டல்காரர், டாக்சிக்காரர், குதிரைக்காரர் எல்லோருக்கும் மூன்று மாதச் சீசன்தான் வருடச் சாப்பாடு. அவர்கள் கவலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது, எனக்கும் அந்த மே மாதம் நாலு புக்கிங் போனது.

ஆனாலும் நான் இ-பாஸ் பக்கம்தான். ஏரியைச் சுற்றி நடக்க முடியாமல் வண்டி நின்ற மே மாதங்களைப் பார்த்திருக்கிறேன், பிரசவ வலியோடு இருந்த பெண்ணை ஏற்றிய ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் நகராமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். மலை ஓரளவுக்குத்தான் தாங்கும். எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லும் வேலையை ஐஐடி சென்னைக்கும் ஐஐஎம் பெங்களூருக்கும் நீதிமன்றம் கொடுத்தது. அந்தக் கணக்கில் வண்டி எண்ணிக்கையோடு படுக்கை எண்ணிக்கையும் வர வேண்டும் என்பது என் ஆசை. 6,000 வண்டியில் வந்தவர்கள் எங்கே தூங்குகிறார்கள், எங்கே குளிக்கிறார்கள் என்று யாராவது எண்ண வேண்டும்.

அந்த மே மாதம் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் புக் செய்திருந்தது. சனிக்கிழமைக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை. பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று நானே போன் செய்தேன். அந்த அம்மா, "அக்கா, கவர்ன்மென்ட் பஸ்ல வந்தா பாஸ் வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காரை வத்தலக்குண்டில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு பஸ் ஏறி வந்துவிட்டார்கள். வழியில் சின்னவன் இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறான், ஆனாலும் ஜன்னலோரம் உட்கார்ந்து குரங்கு பார்த்த கதையை எனக்கு ஒரு மணி நேரம் சொன்னான். இங்கே வந்தபிறகு மூன்று நாளும் நடைதான். ஊரைவிட்டு எங்கும் போகாமல், எங்கள் தோட்டத்தில் பேரிக்காய் மரத்தடியிலேயே பாதிப் பொழுது கழிந்தது. அதற்குப் பிறகு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு நாள் வாடகையில் 300 ரூபாய் குறைத்துக்கொள்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு என் கணவர் ஸ்கூட்டரில் போய்ப் பெட்டியை ஏற்றி வருவார்.

சின்னச் சின்ன மாற்றங்கள் இன்னும் செய்தோம். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் போடுகிறார்கள் என்பதால் ஒவ்வொரு அறையிலும் மண்பானையும் எவர்சில்வர் செம்பும் வைத்தேன். கொதித்து ஆறிய தண்ணீர், நானே ஊற்றி வைப்பேன். ஒரு அறைக்கு மூன்று பேருக்கு மேல் எடுப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செப்டிக் டேங்க் எடுக்கிறோம், அந்த ரசீதையும் கோப்பில் வைத்திருக்கிறேன், யாரும் இதுவரை கேட்டதில்லை. கேட்க வேண்டும். கட்டிட வரைபடத்தைவிட அந்த ரசீதுதான் கீழே இருக்கும் பீன்ஸ் தோட்டத்துக்கு முக்கியம்.

பக்கத்து பங்களா இப்போது பூட்டியிருக்கிறது. சீல் இல்லை, குத்தகை முடிந்துவிட்டதாம். புதிதாக யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், எட்டு அறையாகத் தடுக்கப் போவதாகக் கேள்வி. இந்தத் தடவை ஒட்டி மழையில் நனைய விடாமல், மனுவை நானே எழுதி, கீழ்த் தோட்டத்து அண்ணனிடமும் தெருவில் 11 வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

நீங்கள் இங்கே வருவதாக இருந்தால் ஒரு உதவி செய்யுங்கள். புக் செய்வதற்கு முன்னால் போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். பதிவு எண் என்ன? நீங்கள் அதே வீட்டில்தான் இருப்பீர்களா? பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த வீட்டைப் பாருங்கள். என்னிடமும் கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் பிறகு கேட்டாலும் போனை எடுப்பேன், கீழ் அறையில்தான் இருப்பேன்.