எங்கள் தெருவை ஒருவழியாக்கிய பிறகு

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, பால் வாங்கப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. தெரு முனையில் இரண்டு தடுப்பு வைத்து, அதில் ஒரு ஃப்ளெக்ஸைக் கட்டி, அம்புக்குறி போட்டு, மெட்ரோ ரயில் வேலைக்காக ஒருவழிப் பாதை என்று எழுதியிருந்தார்கள். சென்னை மந்தைவெளியில் இந்தத் தெருவில் இருபது வருடத்துக்கு மேல் குடியிருக்கிறோம். ஒரு வீட்டில்கூட யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மெட்ரோ வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். மாதவரத்திலிருந்து சிப்காட் போகிற தடமும் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகிற தடமும் பக்கத்தில் திருமயிலையில்தான் சந்திக்கப் போகின்றன, சுரங்கம் ஒன்றுக்குக் கீழே ஒன்றாகப் போகிற இடம் அது. அவ்வளவு ஆழம் தோண்டும்போது மேலே சாலையை அப்படியே விட்டுவைக்க முடியாது, லஸ் பக்கமும் ஆர்.கே. மடம் சாலைப் பக்கமும் வண்டிகளைத் திருப்பித்தான் விட்டாக வேண்டும். நாளைக்கு என் பெண்ணும் அந்த ரயிலில்தான் வேலைக்குப் போகப் போகிறாள். ஆனால் பெரிய சாலையில் ஓடின வண்டியெல்லாம் இனி எங்கள் வாசல் வழியாகத்தான் போகும் என்றால், ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு, பள்ளிக்கூட வேன் வருகிற நேரத்தில் யாராவது இங்கே வந்து நின்று பார்த்திருக்க வேண்டாமா?

எங்கள் தெரு இருபது அடி இருந்தால் அதிகம். நடைபாதை கிடையாது, கேட்டைத் திறந்தால் கால் வைப்பது சாலையில்தான். முன்பு இரண்டு பக்கமிருந்தும் வண்டி வரும், எதிரில் ஒரு ஆட்டோ வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். அதனாலேயே யாரும் வேகமாக ஓட்ட முடியாது. இப்போது எதிரில் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது, முனையில் திரும்பியதும் முறுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒருவழியாக்கினால் சந்திப்பில் குறுக்கே வருகிற வண்டி குறையும், நெரிசல் சீக்கிரம் கலையும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நன்மை முழுக்க இந்த வழியாகக் கடந்து போகிறவர்களுக்கு, வேகம் மட்டும் இங்கே இருக்கிறவர்களுக்கு. அமெரிக்காவில் லூயிவில் என்கிற ஊரில் ஒருவழியாக இருந்த இரண்டு தெருக்களை 2011-இல் திரும்ப இருவழியாக்கினார்கள். அப்புறம் ஆராய்ந்து பார்த்தபோது இரண்டு தெருவிலுமே விபத்து குறைந்திருந்தது. படித்ததும் எனக்கு எங்கள் முனைதான் கண்ணில் வந்தது.

அம்மாவுக்கு 74 வயது. தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு எதிர்ச்சாரியில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவாள். பத்தடி வைத்தால் கோயில். நேற்று நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்டைப் பிடித்தபடி வலது பக்கம் பார்க்கிறாள், வண்டி வரிசை நிற்கவே இல்லை. கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் ஒரு கால் எடுத்து வைத்தாள், அதற்குள் ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டு வர, வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். முன்பெல்லாம் பாதித் தெரு தாண்டி நடுவில் நின்று, அப்புறம் அந்தப் பக்கம் பார்த்து மீதியைத் தாண்டுவாள். இப்போது முழு அகலத்துக்கும் ஒரே பக்கமிருந்து வருகிறார்கள், நடுவில் நிற்க இடமே இல்லை. கையில் தூக்கு, அதில் விளக்குக்கு நல்லெண்ணெய். ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, "நாளைக்குப் போய்க்கறேன்" என்று சொல்லி எண்ணெயை அலமாரியில் வைத்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வலது பக்கம் மட்டும் பார்த்தாலும் போதாது. சுற்றிப் போக வேண்டும் என்று சோம்பல்பட்டு எதிர்த்திசையில் பைக்கில் வருகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் எங்கள் தெருக்காரர்களே பாதி. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினபோது எதிர்த்திசையில் ஓட்டுவதையும் அபாயகரமாக ஓட்டுவதில் சேர்த்துவிட்டார்கள். முதல் தடவைக்கே ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், ஜெயிலுக்கும் இடமுண்டு. தயவுசெய்து நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், அம்மா மாதிரி ஒருத்தர் அந்தப் பக்கம் பார்க்காமலே காலை வைத்துவிடுவார்.

காய்கறி வண்டி தள்ளிக்கொண்டு வரும் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்க்கெட் பக்கமிருந்து வந்து எங்கள் தெருவில் கடைசி வீடு வரை போய், அப்படியே திரும்பி வருவார். இப்போது திரும்பி வந்தால் எதிர்த்திசை. இரண்டு தடவை தடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று, பாரத்தோடு அந்தப் பெரிய சுற்று முழுக்கத் தள்ளிக்கொண்டு போகிறார். முழங்கால் வலிக்கிறது என்று வாரத்தில் பாதி நாள் வருவதே இல்லை. இஸ்திரி அண்ணனுக்கும் வியாபாரம் குறைந்துவிட்டது, துணி கொடுக்க வண்டியை நிறுத்தினால் பின்னால் பத்து ஹாரன். ஆட்டோக்காரர்கள் "சுத்திப் போகணும்மா" என்று நாற்பது ரூபாய் சேர்த்துக் கேட்கிறார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியவில்லை. பஸ் போவது ஒரு சாலை, வருவது இன்னொரு சாலை என்றானதில், ராத்திரி வேலை முடிந்து வரும் பெண்கள் வெளிச்சமில்லாத சந்து வழியாக நடந்து வருகிறார்கள்.

தற்காலிகம் என்றுதான் அந்த ஃப்ளெக்ஸில் இருக்கிறது, எது வரைக்கும் என்று இல்லை. மெட்ரோ முதல் கட்ட வேலைக்காக அண்ணா சாலையில் ஒரு பகுதியை ஒருவழியாக்கியது திரும்ப இருவழியாகப் பல வருடங்கள் ஆனதை நாம் பார்த்திருக்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் 115-வது பிரிவை எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஒரு சாலையில் வண்டிப் போக்குவரத்தைத் தடுப்பதோ கட்டுப்படுத்துவதோ ஒரு மாதத்துக்கு மேல் போகும் என்றால் அரசிதழில் அறிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடியும் என்றால் அது தேவையில்லை, ஆனால் அந்த வட்டாரத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்படி முடிந்த அளவு விளம்பரம் செய்ய வேண்டும். எப்படியானாலும் சரியான இடங்களில் அடையாளப் பலகை வைத்தாக வேண்டும். எங்கள் முனையில் இருப்பது காற்றில் மடங்கிப்போன அந்த ஃப்ளெக்ஸ் ஒன்றுதான்.

இந்த ஊருக்கு வழி அடைப்பது புதிதில்லை. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் பங்குனித் திருவிழாவில் ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர், நாலு மாட வீதியிலும் வண்டி நுழைய முடியாது. ஒருத்தரும் முகம் சுளித்ததில்லை. எந்த நாள் என்று பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது, மாத்திரை மருந்து, காய்கறி எல்லாம் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்வோம்.

அதனால் நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. என்றைக்கு முடியும் என்று ஒரு தேதி எழுத்தில் வேண்டும். கோயிலுக்கு எதிரில் ஒரு வேகத்தடை, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் தெருவைக் கடக்க உதவ ஒரு ஆள், சந்தில் இரண்டு விளக்கு. சைக்கிளுக்கும் தள்ளுவண்டிக்கும் விலக்கு. லாரி மட்டும் வேறு வழியில் போகட்டும். அடுத்த முறை எதை மாற்றுவதானாலும் முதலில் இங்கே வந்து எங்களோடு கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

திங்கட்கிழமை மனுவைக் கொடுக்கப் போகிறோம். இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குள் வந்து போட்டுவிடுங்கள், காகிதம் இஸ்திரி அண்ணனிடம் இருக்கிறது. தெருவைத் தாண்டி வர முடியாத பெரியவர்கள் வீட்டிலேயே இருங்கள், நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.